எந்த வரிசையில் நிற்பது

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றாகப் பரீட்சை வந்தது. அவன் பதினொன்றாம் வகுப்பு, நான் பத்து. அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினொன்று. எங்கள் செட்டிலிருந்து பத்தோடு முடியும் என்று மாற்றியிருந்தார்கள். கரிவலம் பக்கம் வயல் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை.

“அவன் ஒரு வருசம் கூடப் படிச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் எப்படிட்டி ஒரே படிப்பு?”

எனக்கும் தெரியவில்லை. நான் பாஸாகிவிட்டேன். அண்ணன் இங்கிலீஷில் பெயிலாகிவிட்டான். பழைய பாடத்தில் மறுபடி எழுதலாம் என்றார் ஒருவர். இனிமேல் அது கிடையாது என்றார் இன்னொருவர். அது தெளிகிறவரை சும்மா இருக்கவேண்டாமென்று அப்பா அவனை டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்திலேயே ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். அதில் தொழிற்பிரிவு என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. டைப்ரைட்டிங்கும் ஒரு பாடம். முடித்தால் நேராக வேலைதான், காலேஜே வேண்டாம் என்றார் டீச்சர். அவருக்கும் அது முதல் வருஷம். நாங்கள் எதைக் கேட்டாலும், “விசாரிச்சுச் சொல்லுதேன்” என்பார். மெஷின்கள் வந்து சேரப் பாதி வருஷம் போய்விட்டது. அதுவரை பெஞ்சில் விரலால் தட்டிப் பழகினோம்.

ப்ளஸ் டூ பாஸ் செய்ததும் வேலைக்குப் பதிய அண்ணனோடு திருநெல்வேலி வேலைவாய்ப்பு ஆபீஸுக்குப் போனேன். அங்கே படிப்புக்கு ஒரு வரிசை, டைப்பிஸ்டுக்கு ஒரு வரிசை. நான் டைப்பிஸ்ட் வரிசையில் நின்றேன்.

“டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கியாம்மா?” என்று கேட்டார் கிளார்க்.

“இல்ல சார். ப்ளஸ் டூவுலயே டைப்ரைட்டிங் படிச்சிருக்கேன்.”

அவர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

“இது லோயருக்குச் சமமான்னு எங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரலைம்மா. இப்போதைக்கு அந்தப் படிப்பு வரிசைல நில்லு.”

அங்கே இருந்த கிளார்க், தொழிற்பிரிவு என்றால் டைப்பிஸ்ட் பக்கம்தான் என்று திருப்பி அனுப்பினார். வராந்தாவில் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை வரும்போல இருந்தது, ஆனால் யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை.

இதற்குள் இங்கிலீஷையும் எழுதி முடித்து லோயரும் பாஸ் செய்திருந்த அண்ணன், “வா, என் இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்துரு” என்றான்.

ஏற்கெனவே ரெண்டு வருஷம் படித்ததை முதல் பாடத்திலிருந்து மறுபடி அடித்தேன். பக்கத்து மெஷினில் அண்ணன் ஹையருக்கு அடித்துக்கொண்டிருந்தான். எங்களில் யார் அதிகம் படித்தவர் என்று அப்பா கேட்பதை நிறுத்தியிருந்தார். ஆகஸ்ட் பரீட்சையில் லோயர் பாஸானேன்.

சில வருஷம் கழித்து மேலநீலிதநல்லூரில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ப்ளஸ் டூ தொழிற்பிரிவு படித்தவர்களை எந்தெந்த வேலைக்கு எடுக்கலாம் என்று. அதை நகலெடுத்துக் கீழ் ஆபீஸ்களுக்கு அனுப்ப ஸ்டென்சில் அடித்தது நான்தான். அடித்து முடித்துவிட்டு ஆற அமரப் படித்தேன். ‘இதற்கு முன் முடித்தவர்களைப் பொறுத்தவரை’ என்று தொடங்கிய நீண்ட வாக்கியம் ஒன்று இருந்தது. என்னை எடுக்கலாம் என்கிறதா, கூடாது என்கிறதா என்று ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “நீதான் ஏற்கெனவே வேலைல இருக்கியேம்மா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு உள்ளே கொண்டுபோனார்.