கூண்டு வண்டிக்குள் ஒரு குமுட்டி

என் தலைமகள் மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் ரோடு ரோலர் ஓட்டினார். ரோடு போடும் காண்டிராக்டர் ஒரு தகரக் கூண்டைச் செய்து, அடியில் சக்கரம் வைத்து, ரோலருக்குப் பின்னால் சங்கிலியால் கோத்துவிட்டிருந்தார். ரோடு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரம் எங்கள் வீடும் போகும். பெருமுக்கல் மலை பின்னால் ஒதுங்கி, மரக்காணத்து உப்பளங்கள் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தபோது எழுபதுகளில் ஒரு தை மாதம். கரண்டு கிடையாது. குடிக்கிற தண்ணீரே டிரம்மில்தான் வரும்.

பிரம்மதேசத்தில் என் அம்மா, ஐந்து மாதம் முடிந்து போகலாம் என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. பாவம், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறார் என்று சாக்கு சொன்னேன். உண்மையில் அவரைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். தகர டப்பாவுல பச்சக் கொழந்தைய வெச்சிக்கினு இன்னாடி பண்ணுவே?” என்று அம்மா கேட்டாள்.

முதல் நாள் விடிந்ததுமே அம்மா கேட்டது புரிந்தது. தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் பாதத்தைத் தொட்டால் ஐஸ். நான்கைந்து நாளில் சளி கட்டி, மூச்சு விடும்போது நெஞ்சு கர் கர் என்றது. ஏதாவது சூடு ஏற்பாடு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் அடுப்பு ஆராய்ச்சி. பாண்டியில் காண்டிராக்டர் வீட்டில் கேஸ் அடுப்பைப் பார்த்ததிலிருந்து இவருக்கு அதன் மேல் ஒரு கண். “கேஸ் வாங்கிட்டா ஒரு தொல்லையும் இல்ல” என்றார்.

“எந்த அட்ரஸ் குடுப்பீங்க? மைல் கல்லு நம்பரா?” என்று கேட்டேன்.

பம்ப் ஸ்டவ் வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். பகலெல்லாம் கேட்கிற ரோலர் சத்தம் போதாதா? எனக்கோ அது வெடிக்கும் என்கிற பயம் வேறு. திரி ஸ்டவ்வுக்கு நிறையச் சீமெண்ணெய் வேண்டும். எங்கள் ரேஷன் கார்டு மாமியார் ஊரில் கிடந்தது. சீமெண்ணெய் நாற்றமும் கரியும் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. மிச்சமிருந்தது கரி போட்டு மூட்டும் குமுட்டி. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் கனல் வைப்பது வழக்கம்தானே. வெளியே மூட்டி, புகை அடங்கிக் கரி சிவந்ததும் உள்ளே எடுத்து வைக்கலாம். புகையில்லை, சத்தமில்லை, நாற்றமில்லை. மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இத்தனை யோசிக்கவில்லை.

திண்டிவனம் சந்தையிலிருந்து குமுட்டி வந்தது. குழந்தையின் நெஞ்சுச் சளியும் கரைந்தது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? “இவ்ளோ சூடு பண்ணி இன்னா புண்ணியம்? சந்து பொந்துல எல்லாம் காத்து வந்து எடுத்துக்கினு போயிடுது” என்று தினமும் முணுமுணுத்தேன்.

ரோடு வேலைக்காரருக்கு உலகத்தில் எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்துதான். ஒரு சாயங்காலம் தார் காய்ச்சும் டிரம்மிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தார். சாக்கைக் கிழித்துத் தாரில் தோய்த்து, தகரம் சேரும் இடமெல்லாம் அடைத்தார். கதவுச் சட்டத்தையும் விடவில்லை. தாஜ்மகால் கட்டி முடித்தவர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்று, “இனிமே ஒரு எறும்பு உள்ள வரட்டும், பாக்கலாம்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் ரோலரை மட்டும் கழற்றிக்கொண்டு வேலைக்குப் போனபின் குழந்தையைக் குளிப்பாட்டினேன். குமுட்டியை உள்ளே வைத்து, சாம்பிராணி போட்டு, கதவையும் ஜன்னலையும் இழுத்துச் சாத்தினேன். இருட்டுக்கு ஒரு சிமினி விளக்கு. பால் குடித்ததும் அவள் தூங்கினாள். எனக்கும் தலை வலித்தது. தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரம் என்று நினைத்துச் சாய்ந்தேன்.

கண் சொருகும்போது சிமினி விளக்கு மங்குவதைப் பார்த்தேன். எண்ணெய் இப்போதுதானே ஊற்றினேன் என்று ஒரு நினைப்பு. அடுப்பு சிவப்பாக இருக்கிறது, விளக்கு ஏன் சாகிறது? எழுந்தேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. குழந்தையைத் தூக்கினேன், தலை தொங்கியது.

கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. குமுட்டிச் சூட்டில் கதவோரத் தார் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தினேன், ரோலர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தோளைக் கொடுத்து மோதினேன். கடைசியில் தார், வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு பிரிந்தது. இரண்டு பேரும் ஜல்லி மேல் போய் விழுந்தோம்.

உப்பளத்துக் காற்று சில்லென்று முகத்தில் அறைந்தது. எந்தக் காற்றுக்குப் பயந்து கதவை அடைத்தேனோ, அதே காற்றில் குழந்தையின் துணியை அவிழ்த்துப் பிடித்தேன். உள்ளங்காலைத் தேய்த்தேன். பெருமுக்கல் மலை மேலிருக்கும் சாமியைத் திட்டினேனா, கும்பிட்டேனா, ஞாபகமில்லை. அவள் உதடு கோணியது. பிறகு வீறிட்டாள் பாருங்கள், அந்த உப்பளமே கேட்டிருக்கும்.

“கத்துடி, நல்லா கத்து” என்று அழுதுகொண்டே சிரித்தேன்.

ஜல்லி மேல் எங்களைக் கண்டதும் ரோலரை நிறுத்திவிட்டு இவர் ஓடிவந்தார். “இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?” என்றாரே தவிர, குழந்தையைத் தொடக் கை வரவில்லை. நான் உள்ளே கைகாட்டினேன். எட்டிப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது, கரி கனன்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்த காற்றையெல்லாம் கரி தின்றுவிட்டது என்று மனிதருக்குப் புரிந்துவிட்டது. குமுட்டியைக் கனலோடு தூக்கி உப்புப் பாத்தியில் எறிந்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அப்புறம்தான் குழந்தையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அன்று மாலைக்குள் தாரையெல்லாம் சுரண்டி எடுத்தார். போதாதென்று உளி வைத்து, தகரத்தில் எதிரெதிரே இரண்டு ஓட்டையும் போட்டார்.

சூட்டுக்கு? மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்? கல்லுப்பை வெளியே மூன்று கல் அடுப்பில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, குழந்தையின் கால்மாட்டில் விரிப்புக்கு அடியில் வைத்தேன். வலி என்றால் உப்பு ஒத்தடம் கொடுக்கிற எனக்கு, இது முதலிலேயே தோன்றவில்லை. மாசிப் பனியும் வந்துவிட்டுப் போனது. கூண்டு வண்டியில் சளியே எட்டிப் பார்க்கவில்லை. இவரோ படுக்கும்முன் தினமும் அந்த ஓட்டையில் உள்ளங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்ப்பார். நான் கேலி செய்ததே இல்லை.

அந்தப் பழக்கம் அவருக்குப் பின் எனக்கு வந்துவிட்டது. சென்னையில் அதே மகள் வீட்டுக்குப் போனால், மத்தியானம் அவள் ஏசி போட்டுத் தூங்கும் அறையில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துக் கையை நீட்டிப் பார்ப்பேன். அவள் விழித்துக்கொண்டு, “ஏம்மா, ஏசி ஓடுதுல்ல? ஜன்னல எதுக்குத் தொறக்கிறே?” என்று வீடே அதிரக் கத்துவாள்.

கத்துடி, நல்லா கத்து.