பொலோன்யாவில் என் வாய் வலித்த நாள்

இத்தாலிய மொழி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் சிரித்தார். "அமீர்பேட்ல ஜாவா சொல்லித் தருவாங்க, அதைப் போய்ப் படி. வேலையாவது கிடைக்கும்" என்றார். எங்கள் மகள் இத்தாலியில், பொலோன்யா நகரத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவாகியிருந்தது. போகும் ஊரில் வாய் மூடி நிற்க எனக்கு விருப்பமில்லை. ஹைதராபாத்தில், மாரெட்பள்ளி வீட்டிலிருந்து தினமும் ஆட்டோ பிடித்துப் போய், ஒரு டிபன் சென்டருக்கு மேல் மாடியில், வெளிநாடு போகக் காத்திருந்த இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று மாதம் படித்தேன். நிகழ்காலம் வரைக்கும்தான் வந்தது. இறந்தகாலம் தொடங்குவதற்குள் விசா வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மகளுக்குக் கல்லூரியில் ஏதோ பிரசன்டேஷன். "ஓனரம்மா உங்களுக்கு ஊர் சுத்திக் காட்டறாங்களாம். ப்ளீஸ் மா, நோ சொல்லாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஓனரம்மா என்பது மகள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி. எழுபதை நெருங்கியவர். பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, மலையேறுகிறவர்கள் போடுகிற மாதிரி ஷூ. பிறந்த தெருவிலேயே இன்னும் இருக்கிறார். ஆங்கிலம் சுத்தமாக வராது.

என் கணவருக்கு இத்தாலிய மொழி சுத்தமாக வராது. அவர் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல்கால் எங்கே சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். அதோடு ஹைதராபாத் பைத்தியம். வேலை கிடைத்து இருபத்து மூன்று வயதில் வந்தவர்தான். ஆனால் பேசுவதைக் கேட்டால் சார்மினாருக்கு அஸ்திவாரம் போட்டதே இவர் மேற்பார்வையில்தான் என்று தோன்றும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

முதலில் பெரிய சதுக்கத்தில் இருக்கும் தேவாலயத்துக்கு ஓனரம்மா கூட்டிப் போனார். அதன் முகப்பில் பாதி உயரம் வரைக்கும் பளிங்கு. அதற்கு மேல் பூசாத வெறும் செங்கல். பல நூற்றாண்டுகளாக அப்படியேதான் நிற்கிறதாம். ஓனரம்மா பெருமையோடு கையை விரித்துக் காட்டினார்.

"காண்ட்ராக்டர் பாதியில ஓடிட்டானா? கேளு" என்றார் என் கணவர்.

ஏன் முடிக்கவில்லை என்று கேட்கிறார் என்று சொன்னேன். ஓனரம்மா பத்து நிமிஷம் விளக்கினார். எனக்குப் புரிந்தது போப், பொறாமை, பணம் என்ற மூன்று சொற்கள்.

"என்ன சொல்லுது அந்தம்மா?"

"பணம் தீர்ந்து போச்சாம்."

"இவ்வளவு நேரமா இதையா சொன்னாங்க?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அந்த ஊரில் தெருவோரம் முழுக்க வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதைகள். வெயில் படாது, மழை படாது. அதில் ஓனரம்மா நடக்கவில்லை, பறந்தார். பின்னால் நானும், எனக்குப் பின்னால் இவரும். அவர் திரும்பி ஒரு வாக்கியம் சொல்வார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே இவருக்குச் சொல்வேன். அதற்குள் அவர் அடுத்த திருப்பத்தில் இருப்பார்.

சாய்ந்த கோபுரம் ஒன்றைக் காட்டினார். என் கணவர் ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நிமிர்த்தி அளவு பார்த்தார். "சார்மினார்ல நாலு மினார் இருக்கு. ஒண்ணாவது இப்படிச் சாயுதா? சொல்லு அந்தம்மாகிட்ட."

எனக்குக் கால் வலி, தொண்டை வறட்சி. அதோடு அந்த வாக்கியத்தை இத்தாலிய மொழியில் எப்படிக் கட்டுவது என்றும் தெரியவில்லை. "மிக அழகாக இருக்கிறது என்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

ஓனரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தான் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டதாக நினைத்து இவரும் தலையாட்டினார். இவ்வளவு சுலபமா என்றிருந்தது எனக்கு. காலையிலிருந்தே இதைச் செய்திருக்கலாம்.

அடுத்து ஒரு பழைய மாளிகைக்கு அடியில் நான்கு மூலை வளைவு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தால் எதிர் மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். இவரை ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டு, ஓனரம்மா எதிர் மூலைக்குப் போய் ஏதோ சொன்னார். இவர் சட்டென்று திரும்பினார்.

"இதென்ன பெரிய விஷயம்? கோல்கொண்டாவுல கீழ வாசல்ல கை தட்டினா மலை உச்சியில கேக்குது. இங்க நாலு எட்டு. சொல்லு, சொல்லு."

"இப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லையாம்" என்றேன் ஓனரம்மாவிடம்.

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாக என்னவோ சொன்னார். "அப்படியென்றால்" என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. புரியாத இடத்தில் "ஸீ, ஸீ" என்று சிரித்துத் தலையாட்டுவது எனக்குப் பழகியிருந்தது. ஆமாம் என்று அர்த்தம். ஆட்டினேன்.

எதற்கு ஆமாம் சொன்னேன் என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வெளியே மலை மேல் ஒரு மாதா கோயில் இருக்கிறது. ஊர் எல்லையிலிருந்து அதன் வாசல் வரைக்கும் அதே கூரை போட்ட நடைபாதை, அறுநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். இவ்வளவு ரசிக்கிற விருந்தாளிக்கு அதைக் காட்டாமல் அனுப்பினால் பாவம் என்று ஓனரம்மா முடிவு செய்திருக்கிறார். அதுவும் நடந்து.

பஸ் இல்லையா என்று கேட்டேன்.

"போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களுக்கு பஸ் இருக்கிறது. உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்றார்.

"ஏன் நடக்கறோம்?" என்றார் இவர்.

"பஸ் இல்லையாம்."

அந்த நிமிஷத்தில் எங்களை உரசிக்கொண்டு ஒரு பஸ் போனது. உள்ளே மனிதர்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் பஸ்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

முதல் பாதி சமதளம். அப்புறம் படியும் சரிவுமாக ஏற்றம். என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் போட்டது. பாதி மலையில் இவர் நின்றார். "மேல என்ன இருக்கு? இன்னொரு சர்ச். கீழயே நாலு பாத்தாச்சு. நக்கோ, வேணாம், திரும்பிடலாம்னு சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஓனரம்மா ஆவலாக.

வாயைத் திறந்தேன். எந்த மொழியும் வரவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தமிழ்தான் திரும்பி வந்தது. "காலையிலேர்ந்து நீங்க சொன்ன ஒண்ணையும் நான் அவங்ககிட்ட சொல்லலை."

"பின்ன என்ன சொன்ன?"

"அழகா இருக்குன்னு சொன்னேன்."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"சொல்லவே இல்லையே! அதான் நான் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எதையாவது அழகா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? ஒரு புடவை? ஒரு கோலம்? பெத்த பொண்ணு டான்ஸ் ஆடினப்போகூட ஸ்பீக்கர் சரியில்லைன்னுதானே சொன்னீங்க!"

ஓடிக்கொண்டே மேலே போன ஓர் ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஓனரம்மா என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை. எனக்குத் தெரிந்ததோ நிகழ்காலம் மட்டும். "என் கணவர் எதையும் அழகு என்று சொல்வதில்லை. நான் பொய் சொல்கிறேன். காலையில் பொய் சொல்கிறேன். மதியம் பொய் சொல்கிறேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் மகள் வேறு அறை தேட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "சரி. என்னதான் சொல்கிறார்?"

ஒன்றையும் விடாமல் சொன்னேன். காண்ட்ராக்டர், சாயாத நாலு மினார், கோல்கொண்டா, இன்னொரு சர்ச். காண்ட்ராக்டருக்கு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கோல்கொண்டாவுக்கு வந்தபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இவரைப் பார்த்து, வரைந்து காட்டுங்கள் என்று விரலால் கோடு போட்டார்.

இவர் சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். ஊர் வரைபடத்தின் பின்பக்கத்தில் மலை, வாசல், கை தட்டும் இடம், கேட்கும் இடம் எல்லாம் அம்புக்குறியோடு போட்டார். ஓனரம்மா உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது வேறு, இது வேறு, அது எச்சரிக்கைக்குக் கட்டியது, இங்கே நடப்பது வளைவின் வேலை என்றார். இவர் மறுத்தார். அவர் மறுப்பை மறுத்தார். இப்போது அவர் எனக்காக நிறுத்தி நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார். இரண்டையும் நான் அப்படியே, உப்பு காரம் குறைக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போனேன்.

நடுவில் ஓனரம்மா என்னிடம் மட்டும் சொன்னார். "பாவம், எதைக் காட்டினாலும் அழகு என்று சொல்கிற அப்பாவி மனிதர் என்று நினைத்தேன். ரொம்ப அலுப்பாக இருந்தது."

இதற்காகவா நான் நாள் முழுக்கப் பாடுபட்டேன்? எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

உண்மையை மொழிபெயர்ப்பது பொய்யைவிட இரண்டு மடங்கு வேலை. அரை மணி நேரத்தில் தாடை வலித்தது. "நான் இங்கயே இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றேன்.

"நீ இல்லாம எப்படிப் பேசறது?"

"கைக்கு பேசணும்?" எதற்கு என்று கேட்க எனக்கும் இவருடைய ஹைதராபாத் ஹிந்திதான் வந்தது. "நடங்க."

போனார்கள். நான் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்த தட்டையை எடுத்துத் தின்றேன். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஒரு மணி நேரம் அது. தூணில் சாய்ந்து கொஞ்சம் தூங்கியும்விட்டேன்.

குரல் கேட்டுத்தான் விழித்தேன். இவர் தமிழும் ஹைதராபாத் ஹிந்தியுமாகக் கத்த, அவர் இத்தாலிய மொழியில் கத்த, ஒருவர் முடிக்க இன்னொருவர் காத்திருக்காமல் இறங்கி வந்தார்கள். இருவருக்கும் முகம் சிவந்திருந்தது.

"எப்படி இருந்தது?" என்றேன்.

இவர் யோசித்தார். "மேலேர்ந்து பாத்தா ஊரே செங்கல் நிறத்துல தெரியுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பரவாயில்லை."

இந்த மனிதர் வாயிலிருந்து பரவாயில்லை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓனரம்மாவுக்கு எப்படி விளக்குவது? மோசமில்லை என்கிறார் என்றேன். அவர் புரிந்துகொண்ட மாதிரி நிதானமாகத் தலையசைத்தார்.

ஊர் திரும்பிச் சில மாதமாகிறது. இப்போது ஞாயிறு மதியம் தவறாமல் வீடியோ கால். ஓனரம்மா டிசம்பரில் ஹைதராபாத் வருகிறார். கோல்கொண்டாவை நேரில் பார்த்து இவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க வேண்டுமாம். போன ஞாயிறு தோசை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். "இங்க வா, அந்தம்மா என்னமோ கேக்குது" என்று ஹாலிலிருந்து சத்தம். மாவுக் கையோடு ஓடினேன். டிசம்பரில் குளிருமா, கோட்டு வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியைக்குத் தக்காணப் பீடபூமியின் உயரத்தை விளக்க ஆரம்பித்தார். "இதை அப்படியே சொல்லு" என்றார்.

வேண்டாம், கோட்டு தேவையில்லை என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குத் திரும்பினேன்.