குடைக்காரன் மேல் ஒட்டாத வர்ணம்

சும்மா கையில் வந்து விழும் பொருளை நான் நம்புவதில்லை. அதுவும் கப்பலில் வந்து இறங்கியது என்றால் கேட்கவே வேண்டாம். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் வெளிநாட்டு சோப்பு ஒன்று வீட்டுக்கு வந்தால்கூட அதன் உறையை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் மறு வேலை. எங்கே பார்த்தாலும் கடத்தல் பேச்சு. அந்த நாளில், பக்கத்து வீட்டு அக்கா முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து நாலைந்து வர்ண ட்யூபுகளை என் மடியில் போட்டாள்.

“அக்ரிலிக்காம். தம்பி கப்பல்ல இருந்து கொண்டாந்தான். தண்ணியில கலக்கி அடிச்சா அரை மணி நேரத்துல காஞ்சிரும். காஞ்ச பெறவு தண்ணியில போட்டாலும் கரையாது.”

அக்கா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் குடிலில் வைக்கிற சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவள். விரல் உயர இடையன், அவனுக்கு ஏற்ற ஆடு. நான் என் கொலுவுக்கு அதே அளவில் செட்டியார் பொம்மையும் குறத்தியும் பூசுவேன். இரண்டு பேருக்கும் உள்ளூரப் போட்டி உண்டு. அப்படியிருக்க, நல்ல பொருளை எனக்கு எதற்குத் தருகிறாள்?

தண்ணீரில் கலப்பதாம், தண்ணீரில் கரையாதாம். யாரிடம் கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஆயில் பெயிண்டுக்காரி. காய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் உப்புக்காற்றும் தூசியும் இரண்டு கொசுவும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான்.

அந்த வருஷம் காத்திருக்க நேரமில்லாமல் போயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் என் மாமியாரிடம் பெருமாள் புறப்பாட்டுப் பொம்மைகள் இருந்தன. பல்லக்குத் தூக்கிகள், மேளக்காரர்கள், குடை பிடிப்பவன் என்று ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. கொலுவுக்குச் சில நாட்களே இருக்கையில், முதல் தடவையாக அவற்றை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். பெட்டியைக் கட்டியவள் என் ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள். கூடவே மாமியார் சொல்லி அனுப்பிய வார்த்தையும் வந்தது. “நல்லா வச்சிருந்தா அங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா மூத்தவகிட்டயே திரும்பி வந்துரட்டும்.”

இது பரீட்சை என்று எனக்குப் புரியாமலா இருக்கும்? அந்தப் பொம்மைகள் எனக்கு வேண்டும். முகங்களெல்லாம் மங்கிக் கிடந்தன. கொலு வைக்கும் நாளில் மாமியார் வந்துவிடுவார். ஆயில் பூசினால் ஈரம் அவர் விரலோடு வரும்.

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்த என் கணவர் ட்யூபுகளைப் பார்த்ததும் வெளிறிப்போனார். “கஸ்டம்ஸ்காரன் கண்ணுல பட்டா என் வேலை போச்சு. திருப்பிக் குடுத்துரு.” நான் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

ஓட்டுச்சில்லு ஒன்றில் பூசி, காயவிட்டு, தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கரையவில்லை. அதன் பிறகுதான் பொம்மைகளைத் தொட்டேன். என் வாயால் நானே சொல்லக்கூடாது, முகங்கள் அத்தனை களையாக வந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் குடைக்காரனின் கன்னம் மட்டும் உப்பி நின்றது. தொட்டேன், உரிந்து வந்தது. மறுபடி பூசினேன், மறுபடி உரிந்தது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். “கெட்டுப்போனதைத்தான் எனக்குத் தந்தீங்களாக்கா?”

அக்கா முகம் சுண்டிப்போயிற்று. “மத்த பொம்மையில நிக்குல்லா?” என்று கேட்டு, குடைக்காரனை வாங்கி மோந்து பார்த்தாள். “ஏளா, இதுல நல்லெண்ணெய் வாடை அடிக்கி. எண்ணெய்க்கு மேல இது நிக்காது. உன் ஆயில் பெயிண்டா இருந்தா அதோட ஊறிப்போயி ஒட்டியிருக்கும்.”

எண்ணெயா? யார் தடவியது? பெட்டியைக் கட்டியவள் ஓரகத்திதானே. நான் தோற்றால் பொம்மைகள் யாருக்குப் போகும்? எல்லாம் எனக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஆயில் காய நேரமில்லாததால் இதையே மூன்றாம் தடவை பூசி, அவனைப் பின்வரிசையில் ஒளித்து வைத்தேன். மாமியாரிடம் என்ன சொல்லவேண்டும் என்று குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்த்தேன்.

மாமியார் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படிகளைப் பார்த்தார். பின்வரிசையில் கையை விட்டுக் குடைக்காரனைத்தான் எடுத்தார்.

“இதுக்கு யாரு வர்ணம் அடிச்சது?”

“நான்தான் அத்தை. ஒட்டவே மாட்டேங்கு. யாரோ வேணும்னே எண்ணெயைத் தடவி அனுப்பியிருக்காங்க.”

“யாரோ இல்ல. நான்தான்.”

நகத்தை விட்டு ஓரத்தில் நெம்பினார். நான் பூசிய முகம் வெங்காயச் சருகு மாதிரி முழுசாக வந்துவிட்டது. அடியில், மங்கல் என்று நான் உற்றுப் பார்க்காமலே பூசிய பழைய முகம். மெல்லிய மீசை, ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

“எங்க அப்பா. நான் கைப்பிள்ளையா இருக்கையில கொழும்புக்குப் போனவரு, திரும்பி வரலை. ஒரு போட்டோ கிடையாது. எங்க அம்மா நினைப்புல வச்சு எழுதுன மூஞ்சி இது ஒண்ணுதான். புதுசாக்குதேன்னு எவளாவது இதுமேல பூசிருவான்னுதான் வருசா வருசம் எண்ணெய் தடவுதேன். சாயம் ஒட்டாதுல்லா.”

அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோந்துத் தண்ணீரில் கரைக்கிற பொடிச்சாயம். கட்டிலுக்கு அடியில் இருந்த என் ஆயில் பெயிண்ட் பெட்டியை நினைத்தேன். பொம்மைகள் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால், நான் நம்பியிருந்த அந்த வர்ணத்தைத்தான் பூசியிருப்பேன். அது ஊறிப் பிடித்திருக்கும். சுரண்டினால் அவர் அப்பாவும் கூடவே வந்திருப்பார்.

அப்போதும் புத்தி போகவில்லை. “பயம் இருக்குல்லா, பெறவு ஏன் அத்தை என்கிட்ட அனுப்புனீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“மூத்தவளுக்கு இதுமேல சிரத்தை கிடையாது. உனக்கு இருக்கு. உன் பிரஷ்ஷைத்தான் நம்ப முடியலை.”

நல்லெண்ணெய் கேட்டார். கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினேன். அவர் விரலை நனைக்கவில்லை. குடைக்காரனை என் உள்ளங்கையில் வைத்தார்.

“இனிமே நீ தடவு.”