துரையை ஏலம் விட்ட நாள்

நனைந்த கம்பளிக்கு ஒரு வாசம் உண்டு. மழையில் ஊறிய வைக்கோலும் லேசாகத் திரிந்த பாலும் ஒன்றாகக் கலந்தது மாதிரி மூக்கில் ஏறும்; பிடிக்காதவர்கள் "கவுச்சி" என்று முகத்தைச் சுளிப்பார்கள், எனக்கோ அது வந்தால் வாயெல்லாம் பல்லாகிவிடும். சென்ற மாதம் நியூசிலாந்தில், நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு குடும்பம் அல்பாக்காக்களை வளர்த்துக்கொண்டு விருந்தாளிகளையும் தங்கவைக்கிற பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். ஒட்டகத்துக்கும் செம்மறிக்கும் கல்யாணம் செய்து வைத்தால் பிறக்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்தப் பிராணி. காலையில் ஒரு தூறல் விழுந்ததும் அந்த வாசம் எழுந்தது. பிள்ளைகள் அல்பாக்காவைப் பார்த்தார்கள். நான் கொட்டகையின் பின்பக்கம் பார்த்தேன். அங்கே வீட்டுக்காரம்மா, விருந்தாளிகள் எழுந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாகப் புழுக்கையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பாதித் தூக்கத்தில் தீவன வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த வாளியின் கனம் எனக்குத் தெரியும். அந்த வயதில் அந்த வேலையைப் பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் திருவாரூரிலிருந்து வேளாங்கண்ணி போகிற சாலையை ஒட்டியது. கல்ஃப் யுத்தமெல்லாம் முடிந்து, தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத்தும் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டு மாப்பிள்ளையும் முளைத்துக்கொண்டிருந்த காலம். என் அப்பா சவரிமுத்து குவைத்தில் டிரைவராக இருந்தார். ஒரு பங்குனி மாதம் லீவில் வந்தவர், கொண்டுவந்த பெரிய சிவப்புப் பெட்டியைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு, "இனிமே இங்கயே ஏதாச்சும் பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றார். குவைத் முதலாளி, மாதா திருவிழா வரைக்கும் வேலையை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாராம். அதற்குள் இங்கே பிழைப்பு ஓடினால் இருப்பது, ஓடாவிட்டால் பெட்டியை இறக்குவது. பிறந்ததிலிருந்து அப்பாவை லீவில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அந்த வருடம் முழுக்க அண்ணாந்து பெட்டியைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

அப்பா யோசித்துவைத்திருந்த பிழைப்பு, ஊரில் யாரும் கேள்விப்படாத ஒன்று. தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வேளாங்கண்ணிப் பக்கம் போகிற வெள்ளைக்காரர்களை நம் வீட்டில் தங்கவைத்து, வயலையும் ஆடுமாடுகளையும் காட்டுவது! தென்னந்தோப்பில் இரண்டு கீற்றுக் கொட்டகைகள் எழும்பின. பின்னால் "வெஸ்டர்ன்" கக்கூஸ் ஒன்று. ஊரிலேயே முதல் வெஸ்டர்ன் கக்கூஸ் அதுதான் என்பதால், விருந்தாளிகள் வருவதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கால்நடைகளுக்கு மாரியப்பன் சித்தப்பா பொறுப்பு. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், தன்னுடைய உம்பளச்சேரி மாட்டு ஜோடியோடு வந்து கூட்டாளியாகச் சேர்ந்துகொண்டார். அதோடு ஒரு வாத்துக் கூட்டமும், ஆட்களைத் துரத்துவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு கொழுத்த வான்கோழியும்.

எல்லாம் தயார், வரத்தான் ஆளில்லை. ஆனி மாதம் பிறந்தும் கொட்டகைகளில் வாத்துதான் படுத்துக் கிடந்தது. அப்பா மத்தியான வேளைகளில் பெட்டி இருக்கிற பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தார். அம்மாவுக்குப் பயம் வர அது போதுமானதாக இருந்தது. என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் போய், முழந்தாளில் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டாள்: "தாயே, இவரு அந்தப் பெட்டிய இறக்கக் கூடாது. வீட்ல எல்லாருக்கும் எது ரொம்பப் பிரியமோ, அதை உன் திருவிழாவுக்குக் கொண்டாந்து கட்டுறேன்." அம்மா மனதில் வைத்திருந்தது வான்கோழியை. கிறிஸ்துமஸுக்கென்று அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது அது. ஆனால் வான்கோழி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய இடத்தில் கேட்கும்போது பெரிய வார்த்தையாகச் சொன்னால்தான் மரியாதை என்று நினைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் துரை வந்துசேர்ந்தது.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தஞ்சாவூரில் டூரிஸ்ட் கார் ஓட்டினார். அவரிடம் அப்பா, "வெள்ளைக்காரனுக்கு அவன் ஊர் மாதிரி ஏதாவது ஒண்ணு கண்ணுல பட்டாத்தான் மனசு தங்கும்" என்று சொல்லியிருந்தார். அவர் கொடைக்கானல் சவாரி போன இடத்தில், மேல்மலைக்காரர்களிடம் கேட்டு, கம்பளி ஆட்டுக் கிடாய் ஒன்றை அம்பாசிடர் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் ஊர்ச் செம்மறிக்கு உடம்பில் உரோமம் ஒட்ட வெட்டின தலைமுடி மாதிரிதான் இருக்கும். இதுவோ மெத்தையைப் பிரித்துப் போட்டதுபோல் வெள்ளை வெளேரென்று, கண் எது காது எது என்று தெரியாமல் நின்றது. மாரியப்பன் சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டேய் சவரி, இந்த வெயில்ல கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கானே இந்தத் துரை" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

துரைக்கு எங்கள் வெயில் ஆகவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியது. அப்பா குவைத்திலிருந்து அம்மாவுக்கென்று கொண்டுவந்திருந்த மேசை விசிறி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. "பொண்டாட்டி அடுப்படியில வேகுறா, ஆட்டுக்கு ஃபேன் ஓடுது" என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, துரைக்குக் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டு போனவளும் அவள்தான். கடைசியில் சித்தப்பா, அம்மாவின் தையல் கத்தரியை வாங்கி உரோமத்தை வெட்டத் துணிந்தார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்புகிற நேரத்தில் இடி இடித்தது. துரை உதறிக்கொண்டு எழுந்து, பாதி ஆடும் பாதி மெத்தையுமாகச் சாலைக்கு ஓடிவிட்டது. அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த வேன் ஒன்று நின்றது. உள்ளே இருந்தவர்கள் சென்னையிலிருந்து வேளாங்கண்ணி போகிற கூட்டம். குழந்தைகள் இறங்கி ஓடிவந்தன, பின்னாலேயே பெரியவர்களும் வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, அன்றிரவு அவர்கள் எல்லோரும் எங்கள் கொட்டகைகளில்தான் தங்கினார்கள்.

அப்பாவின் கணக்கு எங்கே பிசகியது என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக்காரர்களும் பிறகு வரத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் துரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் ஊரில் அது தெருவுக்குத் தெரு மேய்கிறது. அவர்கள் சித்தப்பாவின் மாடுகளின் நெற்றியிலிருந்த வெள்ளைச் சுட்டியைத் தடவிக்கொண்டு, குறுவைக்குச் சேறு கலக்குகிற வயலில் இறங்கிச் செருப்பைத் தொலைத்தார்கள். துரையைப் பார்க்க வந்தவர்கள் நம் ஆட்கள்தான். வேளாங்கண்ணி வேன்கள் வந்தன, திருவாரூரிலிருந்து பள்ளிக்கூடப் பஸ் வந்தது. காவி உடுத்திக் கொடியோடு நடந்து வந்த யாத்திரைக்காரர்கள் தோப்பில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "அந்தக் கம்பளி ஆடு எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். விடிவதற்கு முன் நாங்கள் மூன்று பேரும் சித்தப்பாவும் சாணி அள்ளி, வாத்து முட்டைகளைப் பொறுக்கி, வான்கோழியைக் கூடையால் மூடி வைத்துவிட்டு, வெயில் வந்ததும் ஒன்றும் தெரியாதவர்கள்போல் முகம் கழுவி நிற்போம். அப்பா லுங்கியும் குவைத் பூட்ஸுமாக "குட் மார்னிங்" சொல்வார், தமிழர்களுக்கும். விருந்தாளிகள் நிறைந்துவிட்டால் நானும் அம்மாவும் அடுக்களையில் படுத்துக்கொள்வோம். இடுப்பொடிகிற வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

இப்படியே திருவிழாக் கொடி ஏறியது. அம்மாவுக்குச் சிரிப்பு நின்றது அன்றைக்குத்தான். வேண்டுதலை அப்பாவிடம் சொன்னாள். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"வான்கோழியக் குடுத்துடேன், மேரி. அதைத்தானே நெனச்சுக்கிட்டே."

"நெனச்சது வேறங்க, சொன்னது வேற. வான்கோழி மேல யாருக்குங்க பிரியம்? துரை மேலதானே எல்லாருக்கும். மாதாகிட்டப் போயி பேரம் பேசச் சொல்றீங்களா?"

அப்பா கை கழுவ எழுந்துபோனார். போவதா இருப்பதா என்று அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. டிக்கெட்டுக்கென்று எடுத்து வைத்த பணம் பெட்டிக்குள்தான் இருந்தது. துரை போனால் வேன்கள் நிற்காது. வேன்கள் நிற்காவிட்டால் பெட்டி இறங்கும். அப்பா போகக் கூடாது என்று செய்த வேண்டுதலே அப்பாவை அனுப்பிவைத்துவிடும்போல் இருந்தது.

எங்கள் கோயிலில், திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுநாள், காணிக்கையாக வந்த ஆடு, கோழி, தென்னம்பிள்ளை, பூசணிக்காய் எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நேர்ந்துகொண்ட வீட்டார் மட்டும் வாய் திறக்கக் கூடாது. கொடுத்ததைத் தாங்களே திரும்பக் கேட்பது மாதாவுக்குச் செய்கிற அவமரியாதை. அன்று காலை அப்பா என்னைத் தோப்புக்குக் கூட்டிப் போய், "பாப்பா, அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது. துரைய எடுக்க மாரிகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். "அப்பாகிட்ட சொல்லாதடி. மன்னார்குடியிலேர்ந்து லூர்து மாமாவ வரச் சொல்லியிருக்கேன். அவன் எடுத்துக் குடுத்துடுவான்." இரண்டு பேருக்கும் மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். ஆளுக்கு ஒருவர் இருக்கிறார்கள், துரை எங்கும் போகாது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அந்த இரண்டு பேரும் ஒரே ஏலத்தில் நிற்கப்போகிறார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் துரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் வந்துவிட்டு விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு மாரியப்பன் சித்தப்பாவும் லூர்து மாமாவும்தான். "மேல ஒரு நூறு!" என்றார் சித்தப்பா. "அதுக்கு மேல ஒரு நூறு!" என்றார் மாமா. கூட்டம் வாயைப் பிளந்தது. கொடிமரத்தடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், "உங்க மாமனுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மகளோட புதுநன்மை விருந்துக்குத் துரைய அறுக்கப் போறான்போல" என்றார். நான் பெண்கள் பக்கம் ஓடினேன். முக்காட்டுக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அம்மா, "மாரியண்ணன் எதுக்குடி இப்படி மல்லுக்கட்டுறாரு? மகனுக்குக் காதுகுத்துன்னு சொன்னாரே, அதுக்கா?" என்று கண் கலங்கினாள். எதிர்ப்பக்கம் சித்தப்பாவோ மீசையை முறுக்கிக்கொண்டு இன்னொரு நூறு ஏற்றினார். மாமாவும் விடவில்லை. துரை நடுவில் நின்று உபதேசியாரின் வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தது.

"ஒரு தரம்… ரெண்டு தரம்…" என்று உபதேசியார் இழுத்தபோது, சித்தப்பா மறுபடியும் வாயைத் திறந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது! முற்றத்தின் நடுவில் ஓடிப் போய், துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "சித்தப்பா, நிறுத்துங்க! மாமா அம்மாவுக்குத்தான் கேக்குறாரு! மாமா, சித்தப்பா அப்பாவுக்குத்தான் கேக்குறாரு!"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பங்குச் சாமியார் நாற்காலியைவிட்டு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கத்தியிருக்கக் கூடாதா? கோயிலுக்கு ஓடு மாத்தியிருப்பேனே" என்றார். கடைசியாகக் கேட்டவர் லூர்து மாமா என்பதால் துரை அவர் பெயருக்கு முடிந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேராக அப்பாவிடம் போனாள்.

"மாரியண்ணன்கிட்ட குடுக்க உங்களுக்கு ஏதுங்க அவ்வளவு பணம்?"

அப்பா பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டிக்கெட்டுக்கு வச்சிருந்ததுதான். அது இனிமே எதுக்கு?"

அத்தனை பேர் நடுவில் அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் அழுததில்லை. துரையை ஓட்டிக்கொண்டு வீடு வந்தோம். அன்று மாலை மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வான்கோழிக் குழம்பு.

அந்தப் பண்ணை இப்போது இல்லை. வேளாங்கண்ணியில் லாட்ஜுகள் வரிசையாக முளைத்த பிறகு வேன்கள் எங்கள் ஊரில் நிற்பதில்லை. கொட்டகைகள் ஒரு புயலில் போயின. துரை நன்றாக வாழ்ந்து, கிழடாகி, விசிறிக் காற்றிலேயே கண்ணை மூடியது. தோப்பின் நடுவில் வெஸ்டர்ன் கக்கூஸ் மட்டும் அசையாமல் நிற்கிறது. பரண் மேலேயே குவைத் பெட்டியில் பல வருடம் கோழி அடைகாத்தது. அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தது ஒரே ஒரு தடவைதான், நான் நியூசிலாந்துக்குக் கிளம்பியபோது.

அல்பாக்காப் பண்ணையிலிருந்து வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பிராணியைக் காட்டினேன். "என்னடி, துரைக்குக் கழுத்த இழுத்து விட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அந்த வாசமும் சிரிப்பும் சேர்ந்து ஏதோ செய்ய, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்: "ஏம்மா, அப்பா போகக் கூடாதுன்னு நேர்ந்துக்கிட்டியே, எனக்கு மட்டும் ஏன் நேர்ந்துக்கல?"

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "எப்படிடி நேர்ந்துக்கிறது? வீட்ல எல்லாருக்கும் பிரியமானதத் தர்றேன்னு சொன்னா, உன்னைத்தானே கொண்டுபோயிக் கட்டணும்?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "கட்டினாத்தான் என்னவாம்? ஏலத்துல எடுத்துட்டு வந்திருப்போம்ல."