கீழ்முகாம் பஸ்

கம்பம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வண்டி வரும் நேரம், கிளம்பும் நேரம் குறிக்க வேண்டும். மைக்கில் ஊர்ப் பெயர் சொல்ல வேண்டும். சும்மா கத்துகிற வேலைதானே என்று நினைத்துக்கொண்டு இதற்கு வருகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். சேலத்துக்காரர். தமிழ் என்றால் உயிர். வந்த வாரமே ரூட் போர்டுகளில் 'லோயர் கேம்ப்' என்று இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

"லோயர்னா கீழ். கேம்ப்னா முகாம். கீழ்முகாம்னு எழுத என்னய்யா கஷ்டம்? வெள்ளைக்காரன் போயி எவ்வளவு காலமாச்சு?"

அர்த்தத்தில் தப்பில்லை. பெரியாறு அணை கட்டியபோது வேலையாட்கள் மலைமேல் ஒரு முகாமும் அடிவாரத்தில் ஒரு முகாமும் போட்டிருந்தார்கள். அடிவாரத்து முகாம் ஊராகிவிட்டது, இங்கிலீஷ் பெயரும் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. பெயின்டர் போர்டை மாற்றினார். நானும் மைக்கில் "கீழ்முகாம்" என்று முழங்கினேன். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர்கள் போர்டையா பார்க்கிறார்கள்? "கேம்ப்பு வண்டி எதுய்யா?" என்று கேட்டுவிட்டு, கண்டக்டர் முகத்தைப் பார்த்து ஏறிக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெளியூர்க் குடும்பம் ஒன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பட்டுச்சேலை, பூப்பொட்டலம், பை நிறையப் பழம். பெண் பார்க்கத்தான் போகிறார்கள், சந்தேகமே இல்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் தடங்கல் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் நான் கேட்கவில்லை. அவர்களும் யாரிடமும் பஸ் விசாரிக்கவில்லை. வாயைத் திறந்தால் பதிலுக்கு நாங்கள் கேட்டுவிடுவோமே என்ற பயம். கீழ்முகாம் பஸ் ஒன்று போனது. அடுத்ததும் போனது. நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆபீஸ் போன் அடித்தது.

"அண்ணே, லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல வேலை பாக்குற முருகேசன் பேசுறேன். போடியிலருந்து எம் மகளைப் பாக்க வாராக. இன்னும் வந்து சேரல. அங்கன இருக்காகளான்னு பாருங்கண்ணே. பத்தரைக்கு ராகு காலம் வந்திரும்."

"பதறாதீக, பாக்குறேன்" என்றேன்.

"போன தடவ வந்தவக, நேரந் தப்பிருச்சுன்னு பாதி வழியில கூடலூரோட திரும்பிட்டாகண்ணே. அன்னையிலருந்து எம் புள்ள முகத்தப் பாக்க முடியல." அவர் குரல் உடைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே பெஞ்சுக்கு ஓடினேன். அவரும் கூடவே வந்தார். தடங்கலாவது ஒன்றாவது என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேராகவே கேட்டேன்: "ஆத்தா, லோயர் கேம்ப்புக்கா போறீக?"

"ஆமாய்யா. ஒவ்வொரு போர்டா வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த ஊருக்கு ஒரு வண்டியும் காணோம். கீழ்முகாமுன்னு ஏதோ ஒரு ஊருக்குல்ல வரிசையாப் போகுது."

"ரெண்டும் ஒரே ஊருதாம்மா. நான்தான் பேரை மாத்தினேன்" என்றார் மேனேஜர்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "சார் பேரு என்ன?"

"பொன்னுசாமி."

"தெருவுல உங்களைத் தங்கக்கடவுளேன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பீகளா?"

அடுத்த பஸ் வர நேரமாகும். எதிரே, அந்த ஊர் வழியாகப் போகும் குமுளி ஜீப் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நகரத் தொடங்கியிருந்தது. மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டே ஓடினார்.

டிரைவர் தலையை நீட்டி, "எங்கன போகணும் சார்?" என்றான்.

"கீழ்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "லோயர் கேம்ப்! லோயர் கேம்ப்பு!"

குடும்பம் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏறியது. மேனேஜர் தன் அறைக்குப் போகவில்லை. என் மேஜையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் அவரே எடுத்தார். முருகேசன்தான்.

"ராகு காலத்துக்கு முன்னாடியே வந்துட்டாக சார். காபி குடிச்சுக்கிட்டு இருக்காக. எம் மகதான் கொண்டுபோய்க் குடுத்தா."

போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "பெயின்டரை வரச் சொல்லுய்யா" என்றார்.

ஊர்ப் பெயரின் அர்த்தத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான். மைக்கைப் பிடிக்கும்போது மட்டும், அந்த ஊருக்குப் போக வேண்டியவர் எந்தப் பெயருக்குக் காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறாரோ, அதைச் சொல்லுங்கள்.