மல்லாட்டைக் கொல்லையில் புலி இல்லை

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் புலியின் எச்சத்தைப் பற்றித் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

முகையூர்ப் பக்கம் எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கும் நேரம். காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து, ஏர் ஓட்டியதுபோலப் புரட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அப்பா அம்மாவின் பழைய புடவைகளை வரப்பைச் சுற்றிக் கட்டினார். சலூனிலிருந்து முடி அள்ளிவந்து தூவினார். பன்றிகள் முடியைத் தாண்டி, புடவையை மிதித்துக்கொண்டு வந்தன. கடைசியில் கம்பி வாங்கிவிட்டார். மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்து வரப்பைச் சுற்றிவிடுவது திட்டம்.

நானோ விழுப்புரத்தில் விலங்கியல் முதுகலை படிப்பவள். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் புலி, சிறுத்தை பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவள். மின்கம்பியில் மாட்டிச் செத்த சிறுத்தைகளின் படங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி அழவைத்தவள். அதே கம்பி என் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது.

"இந்தக் கம்பியிலதாம்பா சிறுத்தைங்க சாவுது."

"முகையூருக்கு ஏது சிறுத்த?"

"வந்தா?"

"வந்தா வாழ எல போட்டு சோறு போடுறேன். பன்னிக்கு இன்னா வழி, அத சொல்லு."

"பன்னிக்குத்தான் வெச்சிருக்குன்னு கம்பிக்குத் தெரியுமா? நீயே தூக்கக் கலக்கத்துல போயி மிதிச்சா?"

அப்பா சுருளைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். உன் படிப்புல ஏதாச்சும் இருந்தா எட்தாந்து காட்டு. இல்லன்னா கம்பிதான்."

படிப்பில் ஒன்று இருந்தது. காட்டுப்பன்றிக்குக் கண் சுமார், மூக்கு பிரமாதம். புலி வாடை அடித்தால் ஒதுங்கும். ஒதுங்கியே தீரும் என்று எந்தப் பாடப்புத்தகமும் உறுதி சொல்லவில்லைதான். காத்திருந்து உறுதிசெய்ய எனக்குப் பொறுமை இல்லை.

சென்னைக்குப் போகிற வழியில் ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போன விடுமுறையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். சர்க்கஸிலிருந்து மீட்டு வந்த ஒரு கிழட்டுப் பெண்புலியின் நடத்தையைக் கவனிப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நாள்கணக்காகக் கவனித்ததில் ஒரே ஒரு விஷயம் தெளிவானது. அதற்குக் காக்கை என்றால் பயம். அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் இப்போது போய் நின்றேன்.

"எல்லாரும் புலியோட போட்டோ கேப்பாங்க. நீ இன்னாம்மா இதப் போயி கேக்குற?" என்றார். மேலே கேட்டு அனுமதி வாங்கி, ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்திக் கொடுத்தார்.

திண்டிவனத்தில் இறங்கி விழுப்புரம் பஸ் மாற வேண்டும். அந்த பஸ் ஸ்டாண்டு நாய்கள் பஸ் ஹாரனுக்கே எழுந்திருக்காதவை. அதில் ஒன்று என் டப்பாவை முகர்ந்தது. வாலைக் காலுக்கு நடுவே செருகிக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தது. அறிவியல் வேலை செய்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

விழுப்புரம் பஸ் கிளம்பியதும் கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். "யாரும்மா கருவாடு? கூடைய எறக்கு மொதல்ல."

கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துவிட்டார். "மரக்காணத்துக் கருவாடு கண்டக்டரே இது. இதோட மணத்துக்கே ரெண்டு தட்டு சோறு உள்ள போவும். இப்ப அடிக்குது பாரு, இது என் கூடையில்ல." சீட்டு சீட்டாக முகர்ந்துகொண்டே வந்து என் காலடியில் நின்றார். "இன்னா பாப்பா இது?"

பொய் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. "புலிப் பீங்க, அக்கா."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு டிரைவர் உட்படச் சிரித்தது. "ஏம்மா, மாட்டு எருன்னு சொன்னா எறக்கியா வுட்டுடுவேன்? அதுக்குன்னு புலியா?" என்றார் கண்டக்டர்.

"வுடுய்யா, படிச்ச பொண்ணு. எரு தூக்குறேன்னு சொல்ல வெக்கப்படுது" என்று அக்கா எனக்காகப் பரிந்து பேசினார்.

சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பு நெடுக வைத்தேன். அப்பா மடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்காம்மா எம்மெஸ்ஸி?"

மறுநாள் காலை பன்றி வந்த தடம் இல்லை. ஆனால் ஊரே வந்திருந்தது. பக்கத்துக் கொல்லைக்கு மோட்டார் போட வந்த பெரியப்பாதான் முதலில் பார்த்துக் கத்தியவர்.

"மாடு போட்டதா இது? நாய் போட்டதா? வாடைய பாருடா! புலிடா!"

நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். "பெரியப்பா, அது நான் போட்டது."

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"அய்யோ, நான் கொண்ணாந்து போட்டது! பஸ்ஸுல!"

"புலி பஸ்ஸுல வந்துச்சாம்டா" என்று ஒரு குரல். "டிக்கெட் எடுத்துச்சா?"

வனக்காவலர் வந்தார். குச்சியால் கிளறிப் பார்த்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, மிருகக்காட்சிசாலை அண்ணனுக்கு போன் போட்டுச் சரிபார்த்தார். பிறகு வரப்பின்மேல் ஏறி நின்று, "புலி கிலி ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு அங்கருந்து எடுத்தாந்தது. பேஜாரு பண்ணாம வூட்டுக்குப் போங்க" என்று அறிவித்தார்.

அதுவரை பாதிப் பேருக்குச் சந்தேகம் இருந்தது. இந்த அறிவிப்போடு அது தீர்ந்தது.

"இல்லன்னு சொல்றதுக்கு ஆளே அனுப்புறாங்கன்னா, கண்டிப்பா இருக்குது" என்றார் பெரியப்பா. "ஜனங்க பயந்துடுவாங்கன்னு மறைக்கிறாங்க. நம்ம பொண்ணையும் சேத்துக்கினாங்க பாரு."

பிறகு அவரே சொன்னார்: "கம்பி கட்டி முடிச்சிடுவோம் அத."

கம்பியைத் தடுக்க நான் கொண்டுவந்த டப்பா, இப்போது ஊர் முழுக்கக் கம்பி கட்டப்போகிறது. நான் அதை வரப்பில் வைத்ததைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் அப்பா. அவர் வாயைத் திறந்தால் போதும். திறந்தார்.

"பன்னி செத்தா ஃபைனோட போவும்ண்ணா. புலி செத்தா பெயிலே கெடைக்காது. எவன் கொல்லைல கெடக்குதோ அவன் உள்ள. எந்தக் கொல்லைல வுழுவன்னு புலியக் கேட்டுக்கினா கம்பி கட்டப் போறீங்க?"

கூட்டம் கலைந்தது. மதியத்துக்குள் கொல்லைகளிலிருந்து கம்பிகள் வீடு திரும்பத் தொடங்கின. கோணியில், புல்லுக்கட்டுக்குள், ஒருத்தர் தலைப்பாகைக்குள்கூட. நான் எத்தனையோ முறை கேட்டபோது ஊரில் ஒருத்தரிடமும் கம்பி இல்லை. பெரியப்பா பால்கேனோடு என்னைக் கடந்து போனார். மூடிக்கு வெளியே ஒரு முனை ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் சுருளை அம்மா தோட்டத்தில் துணிக்கொடியாகக் கட்டி, வரப்பிலிருந்து மீட்ட புடவைகளைத் துவைத்துப் போட்டாள். ஆண்கள் புலிக்குப் பயந்து, கூட்டம் கூட்டமாகத் தட்டும் தகரமும் அடித்துக்கொண்டு காவல் இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பன்றிகள் வேறு பக்கம் போய்விட்டன. வாடையாலா, தகரத்தாலா என்று என் ஆராய்ச்சிக்கு முடிவு கிடைக்கவே இல்லை. மல்லாட்டை வீடு வந்து சேர்ந்தது.

அறுவடை முடிந்ததும் அப்பா அந்தப் புலியைப் பார்க்க வேண்டும் என்றார். அவித்த மல்லாட்டை ஒரு பை எடுத்துக்கொண்டார்.

"அது திங்காதுப்பா. குடுக்கவும் கூடாது."

"வெறுங்கையோட எப்டி போறது?"

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். கிழட்டுப் புலி எழுந்து, சோம்பல் முறித்து, தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்தது. அப்பா கைகூப்பவே போய்விட்டார். அப்போது தொட்டி விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. புலி நின்றது. காக்கை ஒரு தத்து முன்னால் வந்தது. புலி பின்னால் போனது.

அப்பாவால் தாங்க முடியவில்லை. தோளிலிருந்த துண்டை உருவி, கொல்லையில் பன்றி விரட்டும் அதே தொண்டையில், "ஹோய்! ஹோய்!" என்று வீசினார்.

காக்கை அசையவில்லை. புலி பின்புறத்து அறைக்குள் ஓடி மறைந்தது.

"சத்தம் போடாதீங்கய்யா!" என்று அண்ணன் ஓடிவந்தார். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நம்ம ஊர்க்காரர் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இத ஊர்ல சொல்லிக்கினு இருக்காத."

"சொன்னா மட்டும் நம்பப் போறாங்களா?"

அப்பா பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். "நம்பிட்டா? திரும்பக் கம்பிய எடுத்துடுவானுங்க."