வெடி வாங்கித் தந்த சர்ட்டிபிகேட்

எங்கள் ஐந்து வயது மகள் வள்ளிக்குக் காது கேட்காது. டாக்டரின் சர்ட்டிபிகேட் இருந்தால்தான் காது கேளாதோர் பள்ளியில் இடம் கிடைக்கும். டாக்டர் முன்னால் பிள்ளை திருதிருவென்று முழிக்கக் கூடாதே என்று, என் வாயசைப்பைப் பார்த்துக் கண், மூக்கைத் தொட்டுக் காட்ட வீட்டிலேயே பழக்கினேன்.

டாக்டர் கேட்டதும் அதையேதான்! வள்ளி டக்டக்கென்று தொட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"குட்டிக்கு நல்லா கேக்குதே! பின்னே எதுக்கு சர்ட்டிபிகேட்?" என்றார் டாக்டர்.

எனக்கு உயிரே போய்விட்டது. "கேக்காது சாரே, நான்தான் படிப்பிச்சேன்" என்று அழுதேன். அவர் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோயிலில் யாரோ வேண்டுதலுக்காக வெடி போடும் வழிபாடு நடத்தினார்கள். டமார்! டாக்டரின் பேனா கீழே விழுந்தது. நர்ஸ் "அம்மே!" என்று அலறினாள். வள்ளி மட்டும் அடுத்த கேள்விக்காக டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவளைத் திருப்பி உட்கார வைத்து, மறுபடி சோதித்துக் கையெழுத்துப் போட்டார்.

சர்ட்டிபிகேட்டுக்குப் போகிற தாய்மாரிடம் இப்போதெல்லாம், "பிள்ளைக்கு ஒண்ணும் படிப்பிக்காதீங்கோ" என்கிறேன். வள்ளி பள்ளியில் சேர்ந்த அன்று அதே கோயிலில் நாங்களும் வெடி போட்டோம். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு!